நெஞ்சோடு ஒன்றிய நாவல்கள்

சென்ற தவணை விடுமுறைக்கு இரண்டு நாள் முன்னதாக, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கல்லூரி நூலக வாயிலில் எம்மை மறித்தான். விடுதியில் தங்கிப் படிப்பவன்; முல்லைத்தீவுப் பக்கத்தைச் சேர்ந்தவன்; அதிகம் பேசாதவன். அவன் கேட்டது ஒரே கேள்விதான்.

"சேர், உங்களுக்கு ஆகலும் பிடிச்ச நாவல் எது?"

பாடத்திட்டத்தில் உள்ள நாவலைப் பற்றி வினாவியிருப்பானாயின், குறிப்பேட்டைப் புரட்டாமலே கால்மணி நேரம் பேசியிருப்போம். தமிழிற் சிறந்த நாவல் யாது என்று கேட்டிருந்தாலும் இலக்கிய வரலாற்று ஆசிரியர்களைத் துணைக்கழைத்து ஒருவாறு சமாளித்திருப்போம். பிடித்த நாவல் எது என்ற வினாவோ எம்மைத் திகைக்க வைத்துவிட்டது. சிறந்தது வேறு, பிடித்தது வேறு. ஊரிலே நல்ல தண்ணீர்க் கிணறு எதுவென்பதை யாவரும் அறிவர். ஆயினும், வெயிலில் நடந்து களைத்து வந்தவன் தன் வீட்டுக் கிணற்றில் அள்ளிக் குடித்த நீரையே வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருப்பான். நாவல்களும் அத்தகையனவே.

அவனுக்கு அன்று உடனே விடை கூற இயலவில்லை. "நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டு, அன்றிரவு எமது புத்தக அலுமாரியின் முன்னே நெடுநேரம் அமர்ந்திருந்தோம். அப்பொழுது எண்ணியவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளுதலே இவ்வாரக் கட்டுரையின் நோக்கம்.

கதைப் புத்தகமும் பெற்றோரும்

பெற்றோர் சந்திப்புத் தினங்களில் எம்மிடம் தவறாது கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. "பிள்ளை எந்நேரமும் கதைப் புத்தகத்தோடு இருக்கிறான். இதனால் பரீட்சையில் ஒரு புள்ளியாவது கூடுமா?" என்பதே அது. நாவலைப் பற்றிய இந்த ஐயம் புதியதன்று. தமிழில் நாவல் தோன்றி ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டே ஆகின்றது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1885இல், கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை அவர்கள் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டு இலங்கைத் தமிழ் நாவலுக்குக் கால்கோள் இட்டார். திருக்கோணமலை தந்த சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இல் வந்தது. ஈராயிரம் ஆண்டுச் செய்யுள் மரபுக்கு முன்னே நாவல் நேற்றுப் பிறந்த குழந்தை. குழந்தையின் பேச்சை மூத்தோர் உடனே நம்பிவிடுவதில்லை அல்லவா?

புள்ளி கூடுமா என்பதற்கு எம்மிடம் உறுதியான விடை இல்லை. ஆனால் மூன்று நாவல்கள் எமக்கு என்ன செய்தன என்பதைக் கூற முடியும்.

அப்பாச்சி கட்டிய புத்தகம்

முதலாவது, கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே 'கல்கி' வார இதழில் தொடங்கி 1954வரை வெளிவந்த தொடர்கதை அது. அந்நாளில் யாழ்ப்பாணத்து வீடுகளிலே ஒரு வழக்கம் இருந்தது. தொடர்கதை வெளிவரும் தாள்களை இதழிலிருந்து கவனமாகக் கழற்றி, வாரக்கணக்கிற் சேர்த்து, தொடர் முடிந்ததும் சணல் நூலாலே தைத்து, மட்டை வைத்துக் கட்டுவார்கள். எமது அப்பாச்சி அவ்வாறு ஐந்து பாகங்களையும் ஐந்து புத்தகங்களாகக் கட்டி வைத்திருந்தார். பூச்சி அரிக்காதிருக்கக் கூழ்ப்பசையிலே துருசு கலந்து ஒட்டிய மட்டைகள் அவை. ஓவியர் மணியத்தின் சித்திரங்களோடு, பக்கத்தின் மறுபுறத்திலே பழைய விளம்பரங்களும் அப்படியே இருக்கும்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி. வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவில் வீடு வாசலை விட்டுப் புறப்பட்ட நாள். அப்பொழுது எமக்கு 14 வயது. விளக்கில்லாத அறையிலே கைக்கு எட்டிய ஒரு புத்தகத்தை எடுத்துத் துணிமூட்டைக்குள் திணித்துக்கொண்டோம். தேர்ந்து எடுத்ததன்று, கைக்கு அகப்பட்டது, அவ்வளவே. நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, விடிந்தபின் பார்த்தபோதுதான் அது இரண்டாம் பாகம் என்பது தெரிந்தது. பூங்குழலி படகு வலிக்க, வந்தியத்தேவன் கோடிக்கரையிலிருந்து கடல் தாண்டி இலங்கைக்கு வருகின்ற பாகம். முன்கதையும் இல்லை, முடிவும் இல்லை.

தென்மராட்சியில் ஒரு பாடசாலை விறாந்தையிலே பல குடும்பங்களோடு தங்கியிருந்தோம். மண்ணெண்ணெய் அரிதாயிருந்த காலம். இருட்டியபின் வாசிக்க இயலாது. அப்பொழுது அப்பாச்சி சொன்னார்: "மற்ற நாலும் என்ரை மனசிலை கிடக்கு." அன்று தொடங்கி ஒவ்வோர் இரவும் அவர் கதை சொன்னார். எமக்காகத் தொடங்கியது, சில நாள்களில் விறாந்தையிலிருந்த பிள்ளைகள் யாவரும் சூழ்ந்துகொண்டனர். தூரத்தே கேட்கும் வெடியோசைக்கு இடையில் வந்தியத்தேவனின் குதிரை ஓடிற்று. குந்தவை ஓலை எழுதினாள். சம்புவரையர் மகள் மணிமேகலை வந்தியத்தேவன்மீது அன்பு வைத்தாள். ஈற்றில் அவளுக்கும் நல்லதோர் இடத்திலே திருமணம் நடந்தது. அவள் நெடுங்காலம் நலமாக வாழ்ந்தாள்.

1996ஆம் ஆண்டு நடுப்பகுதியில் வீடு திரும்பியபோது, கூரையின் ஒரு பகுதி இருந்தது, அலுமாரி இல்லை. மற்றைய நான்கு புத்தகங்கள் என்னவாயின என்பதை இன்றுவரை அறியோம்.

பல ஆண்டுகள் கழித்து, எமது முதற் சம்பளத்திலே ஐந்து பாகங்களையும் புதிதாக வாங்கிப் படித்தோம். கடைசிப் பாகத்தின் கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது திடுக்கிட்டோம். மணிமேகலைக்குத் திருமணம் நடக்கவில்லை. அவள் மனநிலை குலைந்து, உடல் நலிந்து, வந்தியத்தேவன் மடியிலேயே உயிர்விடுகிறாள். அப்பாச்சிக்கு மறதி ஏற்பட்டதோ என்று முதலில் எண்ணினோம். ஆனால் மணியம் வரைந்த படத்திலே குந்தவையின் கொண்டை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதைக்கூட நினைவில் வைத்திருந்தவர் அவர். மறந்திருக்க இயலாது. அந்த விறாந்தையிலே, நாள்தோறும் யாரேனும் ஒருவருடைய மரணச் செய்தி வந்துகொண்டிருந்த அந்த இரவுகளிலே, பிள்ளைகளுக்கு மேலும் ஒரு மரணத்தைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. கேட்டுத் தெளிவதற்கு அப்பொழுது அவர் உயிரோடு இல்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அன்று வெகுநேரம் அழுதோம். மணிமேகலைக்காக அழுதோமா, அப்பாச்சிக்காக அழுதோமா என்பதைப் பிரித்தறிதல் கடினம்.

வரலாற்று ஆசிரியர்கள் இந்நாவலிற் குறை காண்பர். அதில் நியாயமும் உண்டு. அநுராதபுரத்தில் பிக்குமார் நள்ளிரவில் இலங்கைச் சிங்காதனத்தை அருள்மொழிவர்மனுக்கு அளிக்க முன்வர, அவன் அதனை மறுக்கிறான் என்பது கதை. அவ்வருள்மொழியே இராசராச சோழனாக 985இல் அரியணை ஏறி, 993இல் இந்நாட்டின்மீது படை அனுப்பினான் என்பது வரலாறு. எமது மாணவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்தே சொல்கின்றோம். நாவலை வரலாறாக மயங்குதல் கூடாது. ஆயினும் எமது அலுமாரியிலே அந்தப் பழைய இரண்டாம் பாகம் இன்றும் தனியே இருக்கிறது. அதனை எவருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

எமது நாவை அடக்கிய நாவல்

இரண்டாவது, பி. ஆர். ராஜம் ஐயர் எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்'. 'விவேக சிந்தாமணி' என்னும் இதழிலே 1893 முதல் 1895 வரை தொடராக வந்து, 1896இல் நூலாயிற்று. 1872இல் வத்தலக்குண்டிற் பிறந்த அதன் ஆசிரியர் 1898இல், 26 வயதிலேயே மறைந்தார். அவர் எழுதிய ஒரே தமிழ் நாவல் அது. சிறுகுளம் என்னும் கிராமத்திலே முத்துஸ்வாமி ஐயரும் அவர் மனைவி கமலாம்பாளும் செல்வாக்கோடு வாழ்கின்றனர். குடும்பப் பொறாமையும் ஊர்வம்பும் சேர்ந்து அவ்வில்லறத்தைக் குலைத்துவிடுகின்றன. குற்றமற்ற மனைவியைப் பற்றிக் கேட்ட பழிச்சொல்லை நம்பி, கணவர் வீட்டைத் துறந்து செல்கின்றார்.

பல்கலைக்கழகத்திலே இந்நாவலைப் பரீட்சைக்காகப் படித்தோம். பாத்திரப் படைப்பு, நகைச்சுவை, வேதாந்தக் கருத்து என்று தலைப்பிட்டுக் கட்டுரை எழுதி நல்ல புள்ளியும் பெற்றோம். அம்மையப்பப் பிள்ளை என்னும் தமிழ்ப் பண்டிதர் வரும் இடங்களில் வாய்விட்டுச் சிரித்தோம். நாமும் தமிழ் கற்பிப்பவராகப் போகின்றோம் என்பது அப்பொழுது எமக்குத் தோன்றவில்லை. ஆற்றங்கரையிலே குடத்தோடு நின்று அயலார் கதை பேசும் பெண்கள் கூட்டத்தையும் இரசித்தோம். அது நம்மைப் பற்றியது என்றும் அப்பொழுது தெரியவில்லை.

ஆசிரியராகிச் சில ஆண்டுகளின்பின் நடந்தது இது. எமது அயலிலே ஒரு பெண்மணி இரு பிள்ளைகளோடு வாழ்ந்து வந்தார். கணவர் வெளிநாட்டில். அவ்வீட்டு வாயிலிலே மாலை வேளைகளில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கத் தொடங்கிற்று. வாசிகசாலைத் திண்ணையிலே பேச்சு எழுந்தது. நாமும் அதற்கு ஒரு வாக்கியம் சேர்த்தோம். நகைச்சுவையாகத்தான் சொன்னோம், எல்லோரும் சிரித்தார்கள். படித்தவன் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் அது வேகமாகப் பரவிற்று. சில மாதங்களில் அப்பெண்மணி பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து விலக்கிக்கொண்டு வேறூருக்குப் போய்விட்டார். மோட்டார் சைக்கிளில் வந்தவர் அவருடைய மூத்த மகனுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தவர் என்பதும், அவ்வேளைகளில் அப்பெண்மணியின் தாயாரும் அருகிலேயே இருந்தார் என்பதும் பின்னரே தெரியவந்தன.

அவ்வாண்டிலேதான் வகுப்புக்காகக் 'கமலாம்பாள் சரித்திர'த்தை மறுபடி எடுத்தோம். அதற்கு ஆசிரியர் இட்ட முழுப்பெயர் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்பது. அப்பெயரை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். அன்று மட்டும் சுண்ணக்கட்டி கையிலே நின்றுவிட்டது. ஆற்றங்கரைக் கூட்டத்திலே குடத்தோடு நிற்பவர்களுள் எமது முகமும் தெரிந்தது. நாவலிலே கணவர் உண்மையை உணர்ந்து மனைவியை மீண்டும் அடைகின்றார். நாம் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கும் வழி எமக்குக் கிடைக்கவில்லை. அக்குடும்பம் சென்ற இடம் தெரியவில்லை. அன்று முதல், ஒருவரைப் பற்றிச் சொல்ல ஒரு சுவையான வாக்கியம் நாவின் நுனிக்கு வரும்போதெல்லாம் கமலாம்பாள் குறுக்கே வந்து நிற்கின்றாள். எந்த நீதி நூலும் எமக்குச் செய்யாத உபகாரத்தை அவள் செய்திருக்கின்றாள்.

காட்டுக் கிராமத்தின் கதை

மூன்றாவது, அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. 1970களின் தொடக்கத்திலே இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அதனால் இந்நாட்டு எழுத்தாளருக்கு வாசகர் பெருகினர். வீரகேசரி நிறுவனம் மலிவு விலையிலே ஈழத்து நாவல்களை வரிசையாக வெளியிட்டது. அவ்வரிசையில் 1973இல் வந்த நாவல் இது. வன்னிக் காட்டின் நடுவே, தண்ணிமுறிப்புக் குளத்தையும் வயலையும் நம்பி வாழும் சில குடும்பங்கள். கதிராமன் என்னும் உழைப்பாளி. காட்டோடு வளர்ந்த பதஞ்சலி என்னும் கள்ளமறியாப் பெண். கதைக்களம் மிகச் சிறியது. ஆயினும் மழைக்குப்பின் எழும் காட்டு மண்ணின் வாசனை இத்தனை அருகிலே வருகின்ற நாவல்கள் தமிழிற் சிலவே.

இந்நாவல் எமக்கு ஏன் பிடிக்கும் என்பதற்கு, அதுவரை, மொழிநடையையும் மண்வாசனையையும் காரணமாகச் சொல்லி வந்தோம். மறுநாள் அம்மாணவன் வந்தபோது அதனையே அவன் கையிற் கொடுத்தோம். அவன் ஊர்ப் பக்கத்துக் கதை என்பதால் விடுமுறைக்குப் பொருத்தமாயிருக்கும் என்பதைத் தவிர வேறொன்றும் நாம் எண்ணவில்லை. பழைய பதிப்பு, இப்பொழுது எளிதிற் கிடையாது. "கவனம், திருப்பித் தரவேண்டும்" என்று ஆசிரியர்க்குரிய குரலிற் சொல்லியும் அனுப்பினோம்.

விடுமுறை முடிந்து அவன் வெறுங்கையோடு வந்தான். எமக்குச் சிறிது கோபம் வந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

"அப்பா புத்தகத்தைத் தரமாட்டாராம், சேர்."

பின்னர்த்தான் முழுவதையும் சொன்னான். அவன் தந்தையார் பிறந்தது தண்ணிமுறிப்புக்கு அயலில். 1984இல், சிறுவனாயிருந்த காலத்திலே, குடும்பத்தோடு இடம்பெயர்ந்தவர். தண்ணிமுறிப்பு மக்களும் அந்நாளிலேயே அகன்றனர். அதன்பின் எத்தனையோ ஊர்கள், எத்தனையோ கொட்டில்கள். 2009இன் இறுதிப் போரையும் கண்டு மீண்டவர். தம் ஊரைப் பற்றி மகனிடம் ஒரு சொல்லேனும் பேசியவரல்லர். மகன் கேட்டாலும் எழுந்து போய்விடுவார். விடுமுறையின் மூன்றாம் நாள், மகன் வாசித்து வைத்துவிட்டுச் சென்ற புத்தகத்தைச் சும்மா எடுத்துப் பார்த்திருக்கிறார். அன்றிரவு சாப்பிட வரவில்லை. மறுநாள் மகனைக் கூப்பிட்டு அருகில் இருத்தி, ஒரு பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, குளக்கட்டு எப்படிப் போகும், அதன் கீழே யாருடைய வயல், பாலைப்பழக் காலத்திலே எந்தப் பக்கம் போனால் பழம் பொறுக்கலாம், கரடி எங்கே நிற்கும் என்று சொல்லத் தொடங்கினாராம். "இவர் எழுதினது சரி. ஆனால் இதிலே எழுதாததும் கொஞ்சம் இருக்கு" என்றாராம். விடுமுறை முடியுமட்டும் நாள்தோறும் அப்பேச்சுத்தான்.

"அப்பா இவ்வளவு கதைப்பார் எண்டு எனக்குத் தெரியாது, சேர்" என்றான் அவன்.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று

நாவல் தனியே இருந்து வாசிக்கப்படுவது. அதனாலேயே அது மனிதரை வீட்டாரிடமிருந்து பிரித்துவிடும் என்று மூத்தோர் அஞ்சினர். எமது அனுபவமோ மறுதலையானது. ஒரு நாவல் அப்பாச்சியின் இரக்கத்தை அவர் மறைந்தபின்னும் எமக்குக் காட்டிற்று. ஒரு நாவல் நாம் தீங்கிழைத்த ஒரு பெண்ணின் துயரத்தை எம் கண்முன் நிறுத்திற்று. ஒரு நாவல் தந்தை ஒருவரின் வாயைத் திறந்து மகனை அருகில் இருத்திற்று. கதையின் அமைப்பும் நடையழகும் போற்றத்தக்கனவே. அவற்றை நாம் வகுப்பிலே தொடர்ந்து கற்பிப்போம். ஆயினும் ஒரு வாசகன் ஒரு நாவலைப் பொக்கிஷமாகக் காப்பது, அதன் ஏடுகளுக்கிடையே தனக்கு வேண்டிய ஒரு மனிதரைக் கண்டுவிட்ட காரணத்தினாலேயே என்று இப்பொழுது நம்புகின்றோம்.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வாசிக்கும் கதைப் புத்தகத்தைப் பறித்து வைக்குமுன், அதில் ஒரு பத்துப் பக்கத்தைத் தாங்களும் வாசித்துப் பாருங்கள். மாணவர்க்கும் ஒன்று சொல்வோம். வீட்டிலே முதியவர் எவரேனும் இருப்பின், இளமையில் அவர் விரும்பிப் படித்த கதை எது என்று கேளுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.

எமது அலுமாரியிலே 'நிலக்கிளி' இருந்த இடம் இப்பொழுது வெறுமையாக இருக்கின்றது. அந்த இடத்திலே வேறு புத்தகம் எதனையும் இன்னும் வைக்கவில்லை. புத்தகத்தைக் கேட்டு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று முதலில் எண்ணினோம். பின்னர் எழுதினோம். ஆனால் கேட்டு எழுதவில்லை. புத்தகத்தில் எழுதாத அந்தக் 'கொஞ்சத்தை' மகனைக்கொண்டு ஒரு கொப்பியிலே எழுதுவித்து வைக்குமாறு அப்பெரியவரை வேண்டிக்கொண்டு எழுதியிருக்கிறோம்.